ஒரு வாசல் போதாது
(ஜூபிலி ஆண்டுப் பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

ஜூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தைப் படித்தால், ஜூபிலி என்பது இழந்தவர்கள் தங்கள் உரிமையைத் திரும்பப் பெறும் ஆண்டு என்று அறிகிறோம். அப்படியானால் ஏழாயிரம்பண்ணையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நாம் திரும்பக் கொடுக்க வேண்டியது யாருக்கு? வகுப்பறையின் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான். அவர்கள் இழந்தது பாடம்.

"இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நம் வட்டாரத்தில் இந்தச் சொல்லுக்கு விலை அதிகம். ஒரு காலத்தில் படிப்பு ஏறாத பிள்ளை நேரே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனது. கட்டை அடுக்கியது, பெட்டி ஒட்டியது. சிவகாசித் தொழில்களில் சிறுவர் உழைப்பது பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்று அது கூறியது. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், 18 வயது நிறையாதவரை அபாயத் தொழிலில் சேர்க்கவே கூடாது என்கிறது.

நல்லது. ஆனால் சட்டம் பிள்ளையைப் பள்ளி வாசல் வரைதான் கொண்டுவந்து விடும். பாடத்துக்குள் அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் நாம். எட்டு ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்தும் வாசிக்கத் தெரியாமல் வெளியேறும் பிள்ளை, 18 வயதில் அதே ஆலைக்குப் போனால், சுவரில் எழுதியிருக்கும் எச்சரிக்கையை எப்படி வாசிப்பான்? எனவே இது மதிப்பெண் சம்பந்தப்பட்ட காரியம் மட்டுமல்ல, உயிர் சம்பந்தப்பட்ட காரியம்.

மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகிறார்கள். வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே போக வழியில்லை. அவர்கள் "இவருக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று திரும்பிப் போனார்களா? இல்லை. கூரையைப் பிரித்தார்கள். வாசல் ஒன்றுதான் என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நம் பாடங்களுக்கோ பெரும்பாலும் ஒரே வாசல்தான். ஆசிரியர் பேசுவார், கரும்பலகையில் எழுதுவார். பிள்ளை கேட்டு, பார்த்து, எழுத வேண்டும். காது மந்தமான பிள்ளை, பார்வை குறைந்த பிள்ளை, எழுத்துகள் தடுமாறும் பிள்ளை, வீட்டில் தெலுங்கு பேசி வகுப்பில் தமிழ் கேட்கும் பிள்ளை, வேலைக்காக வடநாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஆகிய இவர்கள் எல்லாரும் அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

மாற்று வாசலைத் திறந்தவர்கள் நமக்கு முன்னே உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பாரீஸ் நகரில் தெ லெப்பே என்ற குருவானவர், காது கேளாதோர் தங்களுக்குள் பேசிய சைகைகளைத் தாம் முதலில் கற்றுக்கொண்டு, பிறகு அவர்களுக்குப் பள்ளி நடத்தினார். நமக்குத் தெற்கே பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஃபுளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாதோருக்கும் கல்விப் பணி தொடங்கினார்கள். இவர்கள் பிள்ளையை மாற்றப் புறப்படவில்லை. பாடம் போய்ச் சேரும் வழியை மாற்றினார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே இதைவிட நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. 1990களில் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் அவர்கள், கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர்களுக்காகப் பள்ளிகள் திறந்தார். வழக்கமான பாடமுறை அந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை. பத்து வயதுப் பிள்ளை அகர வரிசையில் நிற்கிறது. அதைவிடச் சிறிய பிள்ளை முந்திப் போகிறது. ஆந்திரத்து ரிஷிவேலியில் உருவான அட்டை முறையை ஒட்டி, செயல்வழிக் கற்றல் உருவாயிற்று. பாடங்கள் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டன. பிள்ளை தன் படியை ஏணியில் தானே பார்த்து, தனக்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு, பாயில் அமர்ந்து படித்தது. எட்டும் உயரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சிறு கரும்பலகைப் பகுதி. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய இம்முறை, சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. பின்னர் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உழைப்பிலிருந்து மீண்ட ஏழைப் பிள்ளைக்காகச் செய்த ஏற்பாடு, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது. கோயில் படியருகே சக்கர நாற்காலிக்காகச் சாய்தளம் கட்டினால், முழங்கால் வலிக்கும் பாட்டியும் கைக்குழந்தைக்காரியும் அதிலேதான் ஏறுவார்கள். இந்த உண்மையைத்தான் அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய காஸ்ட் என்ற நிறுவனத்தார் அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு என்று வகுத்தார்கள். அதன் சாரம் மூன்று: பிள்ளைக்கு ஆர்வம் எழப் பல வழிகள் வேண்டும், பாடத்தைக் காட்டப் பல வழிகள் வேண்டும், கற்றதைப் பிள்ளை வெளிப்படுத்தப் பல வழிகள் வேண்டும். பாடம் நடத்தி முடித்த பின் ஒட்டுப் போடுவதல்ல. தயாரிக்கும்போதே எல்லாரையும் மனத்தில் வைத்துத் தயாரிப்பது.

சொன்னால் போதாது, ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம். எரிதல் பற்றிய அறிவியல் பாடம். நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது?

ஆர்வம் எழுவதற்கு வீட்டிலிருந்தே தொடங்கலாம். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டும் உரசும்போதுதான் தீப்பற்றுகிறது. "உங்கள் அம்மாவிடம் கேட்டு வாருங்கள்" என்று முந்திய நாளே சொல்லுங்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளை அன்று வகுப்புக்கே ஆசிரியராக நிற்கும்.

அடுத்து, ஒரு மெழுகுதிரியை ஏற்றிக் கண்ணாடி டம்ளரால் மூடுகிறோம். உள்ளே உயிர்வளி குறைகிறது, சுடர் அணைகிறது. பார்வையுள்ள பிள்ளை பார்க்கிறது. பார்வையற்ற பிள்ளைக்கு? மூடுமுன் டம்ளரைத் தொட்டுப் பார்க்கட்டும். அணைந்தபின் ஆசிரியர் சூட்டைச் சோதித்த பிறகு மீண்டும் தொடட்டும். திரி அணைந்த புகையை முகரட்டும். நடப்பதைத் தோழன் வாயால் சொல்லட்டும். காது கேளாத பிள்ளைக்கு எரிபொருள், உயிர்வளி, வெப்பம் என்ற மூன்றையும் படத்தோடு அட்டையில் எழுதி வையுங்கள். ஆசிரியர் முகத்தைப் பிள்ளை பக்கம் திருப்பிப் பேசட்டும்.

கடைசியில், எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். வாயால் சொல்லலாம், வரைந்து காட்டலாம், செய்து காட்டலாம்.

இன்னொரு பிள்ளையும் உண்டு. வெடி விபத்தில் தகப்பனையோ தாயையோ பறிகொடுத்த பிள்ளை. அதற்கு இந்தப் பாடம் பாடமல்ல, புண். முந்திய நாளே தனியே அழைத்து, நாளைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லுங்கள். எட்ட உட்கார விரும்பினால் உட்காரட்டும், வெளியே இருக்க விரும்பினால் இருக்கட்டும். காது கேளாதவரை நம் ஆண்டவர் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்று, தொட்டு, சைகையால் உணர்த்திக் குணமாக்கினார் என்று மாற்கு 7ஆம் அதிகாரம் காட்டுகிறதே! ஆசிரியருக்கு அதைவிட நல்ல பயிற்சி நூல் இல்லை.

இனிக் கருவிகளைப் பற்றிச் சொல்கிறேன். இன்று நம் கையிலுள்ள செல்போனே பெரிய துணை. திரையில் உள்ள தமிழை அது உரக்க வாசிக்கும், எழுத்தைப் பெரிதாக்கும், பிள்ளை பேசினால் தட்டச்சு செய்யும். 2018 முதல் வந்த நம் பாடநூல்களில் அச்சிட்ட கட்டக் குறியீட்டைக் காட்டினால் பாடத்தின் காணொலி வரும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் உண்டு. ஆசிரியர் தம் விளக்கத்தைக் குரலாகப் பதிந்து வைத்தால், தாமதமாகப் புரியும் பிள்ளை பத்து முறை கேட்கலாம், போன் சலித்துக்கொள்ளாது.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பாடத்தைப் படமெடுத்து அனுப்பினால் வாசிப்புச் செயலி பல வேளைகளில் தடுமாறும். பழைய எழுத்துருவில் அடித்தால் பொருளற்ற ஓசைதான் வரும். யூனிகோட் எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். இரண்டு, கருவியே புதிய மதிலாகக் கூடாது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது வீட்டிலிருந்த ஒரே போன் தகப்பனோடு வேலைக்குப் போய்விட்டது, பிள்ளைக்குப் பாடமில்லை. அந்த இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, தெருவுக்கு வந்தவர்கள் மனிதர்கள், தன்னார்வலர்கள். ஆகவே வீட்டில் போன் இருக்கும் என்று நம்பிப் பாடம் அமைக்காதீர்கள். வகுப்பில் ஒரு போனும் ஒரு சிறு ஒலிபெருக்கியும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

பெற்றோர்களே, பிள்ளைக்குக் காது மந்தம், கண் மங்கல் என்றால் மறைக்காதீர்கள். அது சாபமல்ல, வெட்கமுமல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, எல்லாரோடும் சேர்ந்து படிக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. ஆசிரியர்களே, எல்லாப் பாடத்தையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. வாரம் ஒரு பாடம் போதும். தயாரிக்கும்போது முதல் பெஞ்சை அல்ல, கடைசி பெஞ்சை நினைத்துத் தொடங்குங்கள். இளைஞர் சங்கத்தாரே, மரியாயின் சேனையாரே, மாலையில் ஒரு மணி நேரம் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து தாருங்கள். அதுவும் ஜெபமே.

முடக்குவாதமுற்றவரைச் சுமந்த படுக்கை ஒரு கருவி. அது தானாக நடந்து வரவில்லை. அதன் நான்கு மூலைகளையும் நால்வர் பிடித்தார்கள். பெற்றோர், ஆசிரியர், பங்கு மக்கள், சக மாணவர் என்று நம் பிள்ளைகளுக்கும் நால்வர் உண்டு. ஒருவர் கைவிட்டாலும் படுக்கை சாயும். இந்த ஜூபிலி ஆண்டில் நால்வரும் பிடிப்போம். கூரையைப் பிரித்தாவது ஒரு பிள்ளையும் விடாமல் உள்ளே இறக்குவோம். அதற்கான அருளை இறைவன் நமக்குத் தருவாராக!

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!