தலையில் அடிபட்டவர் வீடு திரும்பிய பிறகு



சாலை விபத்தில் ஒருவருக்குத் தலையில் அடிபடுகிறது. சாரத்திலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்தும் அடிபடுகிறது. மருத்துவமனையில் உயிர் பிழைக்கிறார். தையல் ஆறுகிறது. வீட்டுக்கு வருகிறார். "கண்டம் தப்பியது" என்று வீட்டார் மகிழ்கிறார்கள்.

சில நாட்களில் வேறு கவலை வருகிறது. சாதுவாக இருந்தவர் சாப்பாட்டுத் தட்டை வீசி எறிகிறார். காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்டு, "சோறே போடவில்லை" என்று சண்டைக்கு வருகிறார். மனைவி அழுகிறார். "இது திமிர்" என்கிறார் ஒருவர். "காத்து கருப்பு" என்கிறார் இன்னொருவர். இரண்டும் இல்லை. தோலில் காயம் ஆறிவிட்டது. மூளையில் இன்னும் ஆறவில்லை.

அமெரிக்காவில் 1848-ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். பினியஸ் கேஜ் என்பவர் ரயில் பாதை வேலையில் மேஸ்திரி. வயது 25. பாறைக்கு வெடி வைக்கும்போது, மூன்றரை அடி நீளமுள்ள இரும்புக் கம்பி ஒன்று அவர் கன்னத்தில் நுழைந்தது. உச்சந்தலை வழியாக வெளியே பாய்ந்தது. அவர் சாகவில்லை! ஒரு கண்ணில் பார்வை போயிற்று. உடம்பு தேறியது. ஆனால் குணம் மாறிவிட்டது. எதற்கெடுத்தாலும் கோபம், வாயில் கெட்ட வார்த்தை. முதலாளிகள் மேஸ்திரி வேலையைத் திருப்பித் தரவில்லை. "இவர் பழைய கேஜ் இல்லை" என்றார்கள் நண்பர்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1852-ல் அவர் சிலி நாட்டுக்குப் போனார். அங்கே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பயணிகளின் குதிரை வண்டியை ஓட்டினார். தினமும் ஒரே வேலை, ஒரே நேரம். இந்த ஒழுங்குதான் அவரை நிதானத்துக்குக் கொண்டுவந்திருக்கும் என்று இன்றைய ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். பிறகு வலிப்பு வந்து 1860-ல் இறந்தார். அந்தக் காலத்தில் வலிப்புக்கு நல்ல மருந்து இல்லை. இன்று இருக்கிறது. டாக்டர் சொல்லாமல் அந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.

எல்லாரும் ஒரே அளவில் தேறுவதில்லை. அடி எவ்வளவு பலமானது, எத்தனை நாள் நினைவின்றிக் கிடந்தார், வயது என்ன என்பதைப் பொறுத்தது அது. இவற்றை யாரும் மாற்ற முடியாது.

மாற்றக் கூடியவையும் உண்டு. அடிபட்டவர் எவ்வளவு சீக்கிரம் மருத்துவமனைக்குப் போகிறாரோ அவ்வளவு நல்லது. போலீசுக்குப் பயந்து பலர் ஒதுங்கிப் போகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், உதவி செய்பவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

வீடு திரும்பியதும் கை கால் பயிற்சியை விடக் கூடாது. பேச்சு குழறினால் அதற்கும் பயிற்சி உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும். "இனி தேறாது" என்று அப்போது கைவிட்டுவிடுகிறார்கள். அதுதான் பெரிய தவறு.

குளிப்பது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். மறதி உள்ளவருக்குச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கோபம் வந்தால் எதிர்த்துப் பேசாமல் சற்று விலகி நில்லுங்கள். சாராயம் கூடவே கூடாது. அது வலிப்பையும் கோபத்தையும் தூண்டும்.

கவனித்துக்கொள்ளும் மனைவியோ தாயோ இரவு பகலாக விழித்திருந்து சோர்ந்துபோகிறார்கள். அவர்கள் படுத்துவிட்டால் பயிற்சியும் நின்றுவிடும். மதியம் இரண்டு மணி நேரம் அண்ணனோ தம்பியோ பக்கத்து வீட்டாரோ அவருடன் உட்காரட்டும். அந்த அம்மா கொஞ்சம் தூங்கட்டும்.