சைக்கிளுக்கும் உண்டு பற்று வரவு

(ஜூன் மாதப் பொதுக்கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



ஜூன் 3 உலக மிதிவண்டி நாள். 2018-ல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். "இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேச்சாகப் பேசிவிடுங்கள் சார்" என்றார் செயலாளர். சிக்கனமான மனிதர். அதோடு இன்னொரு விஷயமும் இருக்கிறது. கார் நிறுத்தும் இடத்தில் தூண்களுக்குப் பின்னால் கிடக்கும் பழைய சைக்கிள்களை மொத்தமாக எடைக்குப் போட்டுவிடலாம் என்ற யோசனை அடுத்த கூட்டத்தில் ஓட்டுக்கு வருகிறது. கை தூக்குவதற்கு முன் என் கணக்கையும் ஒரு தடவை கேளுங்கள்.

இந்தப் பேச்சைப் பேச நம் பகுதியைவிட வேடிக்கையான இடம் கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. நம்மில் பாதிப் பேர் வீட்டு அடுப்பு எரிவது இவற்றால்தான். ஆகவே காரையும் பைக்கையும் நான் திட்டப்போவதில்லை. சைக்கிளைத்தான் கொஞ்சம் விசாரிக்கப்போகிறேன்.

சைக்கிள் புகை விடாது என்பது குழந்தைக்கும் தெரியும். அதனாலேயே ஒன்று வாங்கிவிட்டால் பூமிக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டதாக நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. காலமெல்லாம் வங்கியில் பேரேடு பார்த்தவனுக்கு வரவு மட்டும் எழுதிய கணக்கைக் கண்டால் சந்தேகம்தான் வரும். பற்றுப் பக்கத்தையும் திருப்பிப் பார்ப்போம்.

முதல் பற்று, சைக்கிள் செய்வதிலேயே இருக்கிறது. இரும்பு, அலுமினியம், ரப்பர், பெயின்ட், கப்பல், லாரி. ட்ரெக் என்ற அமெரிக்க சைக்கிள் நிறுவனம் தன் கணக்கை 2021-ல் வெளியிட்டது. அவர்கள் சைக்கிள் ஒன்றைச் செய்ய சராசரியாக 174 கிலோ கரியமில வாயு வெளியாகிறதாம். பி.காம். படித்தவர்களுக்குத் தேய்மானம் என்றால் தெரியும். ஒரு பொருளின் விலையை அது உழைக்கும் வருடங்களுக்குப் பங்கிட்டு எழுதுவோம். இந்த 174 கிலோவையும் அப்படிப் பங்கிட்டுப் பாருங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 50 கிராம். 15 கிலோமீட்டர் தரும் கார் என்றால் 150 கிராம். பால், காய்கறி, மருந்துக்கடை என்று தினம் 3 கிலோமீட்டர் போகிறவர் ஸ்கூட்டரை விட்டுவிட்டு சைக்கிளில் போனால், அந்த 174 கிலோ கழிய மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். காரை விட்டுவிட்டுப் போனால் ஒரு வருடத்துக்குச் சற்று மேலானதும் கழிந்துவிடும். பால்கனியில் துணி காயப்போட மட்டும் பயன்பட்டால் எந்தக் காலத்திலும் கழியாது. வாராக்கடன்தான்.

சரி, தினமும் ஓட்டுகிறோமே என்பவர்களுக்கு அடுத்த கேள்வி. எதற்குப் பதிலாக ஓட்டுகிறீர்கள்? காலையில் பத்து கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, முக்கில் இருக்கும் கடைக்கு ஸ்கூட்டரில் போகிறவர்கள் நம்மில் உண்டு. உடம்புக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் சுற்றுச்சூழல் கணக்கில் அந்தப் பத்து கிலோமீட்டர் சுழியம், கடைக்குப் போன அரைக் கிலோமீட்டர் பற்று. எஞ்சின் சூடேறும் முன்பே முடிந்துவிடும் குட்டிப் பயணங்களில்தான் பெட்ரோலும் அதிகம் குடிக்கும், புகையும் அதிகம் வரும். சைக்கிள் நமக்கு உண்மையில் மிச்சம் பிடித்துக் கொடுப்பது இந்தக் குட்டிப் பயணங்களில்தான்.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஞாயிறு அதிகாலை சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு கோவளம் வரை போய், அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு, திரும்பக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். போக வர 80 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஐந்து லிட்டருக்கு மேல் பெட்ரோல், 12 கிலோ கரியமில வாயு. இதை ஈடுகட்ட, முன்னே சொன்ன பால் காய்கறிப் பயணத்தை ஸ்கூட்டர் இல்லாமல் 80 நாள் செய்யவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 80 நாள்! நான்கு பேர் ஒரே காரில் போனால் ஆளுக்கு 20 நாள், பரவாயில்லை. ஆளுக்கொரு காரில் போனால் அது சைக்கிள் ஓட்டுவதே இல்லை, கார் ஓட்டுவதுதான்.

"வண்டலூர் வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கும் புதுக் கார் ஏற்றிப்போகும் டிரெய்லருக்கும் நடுவில் எங்களை ஓட்டச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வாசலிலிருந்தே கிளம்பி, ஞாயிறு விடியலில் லாரி குறைந்த உள்சாலைகள் வழியாகப் போய்வர இடங்கள் இருக்கின்றன. மணிமங்கலத்துக்குப் போயிருக்கிறீர்களா? பல்லவன் நரசிம்மவர்மனும் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியும் மோதிய ஊர். ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. பக்கத்திலேயே ஏரி. இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் பிறந்த தலம். கோவளத்தில் கடல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

அதே லாரிகளுக்கு நடுவில், வேறு வழியில்லாமல், தினமும் சைக்கிளில் போகிறவர்களும் இருக்கிறார்கள். நம் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, கேன்டீனில் வேலை செய்யும் பையன்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஷிப்டு முடிந்து இரவில் திரும்பும்போது அவர்கள் சைக்கிளைக் கவனியுங்கள். முன்னே விளக்கு இல்லை, பின்னே சிவப்பு வில்லை இல்லை, ஒரு பக்கம் ப்ரேக் கட்டையும் இல்லை. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்கள் யாரும் மேடை ஏறிச் சொல்வதில்லை. எந்தக் கணக்கிலும் வராத வரவு அவர்களுடையது. நம் தூண்களுக்குப் பின்னால் கிடக்கும் விளக்கும் ப்ரேக்கும் அவர்களுக்குப் போகவேண்டியவை.

இனி கழிவு. சைக்கிள் ட்யூப் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் செயற்கை ரப்பர். மண்ணில் மக்காது. நம் சிறுவயதில் பழைய ட்யூப் ஒருநாளும் குப்பைக்குப் போனதில்லை. கேரியரில் மூட்டை கட்ட, உண்டிவில்லுக்கு, வாளிக் கைப்பிடியில் சுற்ற என்று கடைசி அங்குலம் வரை உழைக்கும். பழைய டயரைக் குச்சியால் தட்டி ஓட்டிக்கொண்டே ஊரைச் சுற்றுவோம். இப்போது இரண்டும் போகி வரை காத்திருந்து தீயில் விழுகின்றன. 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னையில் இறங்க முடியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள், நினைவிருக்கும். ஒரு டயர்தானே என்று எல்லோரும் போட்ட டயர்கள்தாம் அவை.

செயினை மண்ணெண்ணெயில் கழுவி அந்தக் கறுப்புத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் ஊற்றுகிறோம். நம் வடிகால் ஏரிக்குப் போகிறது. ஒரகடம், படப்பை, மணிமங்கலம் ஏரிகள் வழிந்தால் அடையாறு. ஸ்ரீபெரும்புதூர் ஏரி வழிந்தால் செம்பரம்பாக்கம், அதாவது சென்னையின் குடிதண்ணீர். செயினைப் பழைய துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும். ஹோஸ் வைத்துப் பீய்ச்சி அடிப்பதும் வேண்டாம். தண்ணீர் வீண் என்பது ஒருபுறம், பால்ரஸ் குண்டுகளில் இருக்கும் கிரீஸும் கரைந்து போய் ஆறே மாதத்தில் கரகரக்கும். வாரம் ஒருமுறை காற்றுப் பாருங்கள். காற்றுக் குறைந்த டயரில் ஓட்டினால் ரிம் வெட்டி டயரும் போகும், ட்யூபும் போகும். விளக்கில் வரும் சார்ஜ் பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், மின்னணுக் கழிவோடு கொடுங்கள். நம் காலத்து டைனமோவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மிதித்தால் எரியும், அவ்வளவுதான்.

கடைசியாக மெயின் ரோட்டுப் பஞ்சர் கடைப் பெரியவர். காலையில் கடை திறந்தால் மதியம் வரை ஒரு சைக்கிள் வருவதே பெரிதாக இருக்கிறது, இந்த வருடத்தோடு மூடிவிடலாமா என்று பார்க்கிறேன் என்றார். நாம் வாங்கும் கியர் சைக்கிளுக்கு அவரிடம் சாமான் கிடையாது. சாமான் கிடைக்கும் கடை வெகுதூரம். ஆகவே சிறு பழுதுக்கே சைக்கிள் தூணுக்குப் பின்னால் போய்விடுகிறது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளைப் பாருங்கள். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கியது, பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்தது. கியர் இல்லாத இரும்புச் சட்டம். எந்த ஊர் மரத்தடியிலும் பழுது பார்த்துவிடலாம். சட்டம் ஒடிந்தாலும் வெல்டிங் வைத்து ஓட்டலாம், முடியாமல் போனால் பேரீச்சம்பழத்துக்குப் போட்டு உருக்கிவிடலாம். புதிதாக வாங்குகிறவர்கள் கியர் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன், இதை நம் பெரியவர் பழுது பார்ப்பாரா என்று கேளுங்கள். அவர் கடையை மூடிவிட்டால் நம் வளாகத்தில் ஓடுகிற சைக்கிள்களும் ஒவ்வொன்றாகத் தூணுக்குப் பின்னால்தான் வரும்.

ஆகவே என் மாற்று யோசனை இது. மொத்தமாக எடைக்குப் போட வேண்டாம். உரிமை கேட்க ஒரு மாதம் அவகாசம் கொடுப்போம். பிறகு பெரியவரை இரண்டு ஞாயிறு இங்கேயே வரவழைப்போம். ஓடக்கூடியவற்றை ஓவராயில் செய்து, விளக்கும் பின் வில்லையும் போட்டு, நம் செக்யூரிட்டிக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் கொடுப்போம். பிள்ளைகள் வளர்ந்து சிறிதாகிப்போன சைக்கிள்கள் வளாகத்துக்குள்ளேயே கைமாறட்டும். தேறாதவற்றில் பெடல், ஸ்டாண்டு, மட்கார்டு, போக்ஸ் கம்பி எல்லாவற்றையும் பெரியவர் கழற்றிக்கொள்ளட்டும். வெறும் சட்டம் மட்டும் இரும்புக்கடைக்குப் போகட்டும். செலவுக்குப் பணம் எங்கே என்று பொருளாளர் கேட்டார். ஒரு காருக்கு முழு டேங்க் பெட்ரோல் போடும் பணத்தில் நான்கைந்து சைக்கிளுக்கு ஓவராயில் செய்துவிடலாம். முதல் டேங்க் என்னுடையது. ரசீது வேண்டும்.

பழைய டயர், ட்யூபுக்கு செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் ஒரு டிரம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒட்டுப்போட நல்ல துண்டுகளைப் பெரியவர் எடுத்துக்கொள்வார். மிச்சம் ரப்பர் கழிவு எடுப்பவரிடம் போகும். போகி ஜனவரியில்தான் வரும், டிரம் அடுத்த திங்கள் முதலே இருக்கும்.