பட்டத்துக்குப் பின் ஒரு தேர்வு

நம் தோட்டப்புறங்களில் ஒரு பிள்ளை சட்டம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டால், மறுநாளே அது கறுப்பு அங்கி அணிந்து கோர்ட்டில் நிற்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். கோயிலில் அர்ச்சனை செய்கிறோம். லயத்தில் பத்து வீட்டுக்குச் சோறு போடுகிறோம். பட்டம் வாங்கிய பிள்ளையோ இரண்டு மாதம் கழித்து மறுபடியும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் புறப்படுகிறது. "இன்னுமா படிக்கிறே?" என்று பெற்றவளே கேட்டுவிடுகிறாள். அந்தக் கேள்விக்குரிய விடையையும், அந்தப் படிப்பை எப்படிப் படிப்பது என்பதையும் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

நம் நாட்டில் வழக்கறிஞர் தொழில் செய்வதற்குரிய தகுதிகளை 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் வகுத்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சட்டப் பட்டம் பெற்றவர்களுக்கு மேற்கொண்டு தேர்வு இல்லை. லண்டன் பல்கலைக்கழகப் பாடத்தை இங்கேயே தனியார் கல்லூரியில் படித்தவர்களும், இங்கிலாந்தில் பட்டம் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியவர்களும் சி.எல்.பி. என்னும் தேர்வில் தேற வேண்டும். இது 1984-இல் தொடங்கப்பட்டது. சட்டத் தொழில் தகுதி வாரியம் இதை நடத்துகிறது. இங்கிலாந்திலேயே தங்கிப் பாரிஸ்டர் ஆகிறவர்களுக்கு இந்தத் தேர்வு வேண்டாம். ஆனால் அந்தச் செலவைப் பற்றி நாம் பேசாமலிருப்பதே நல்லது.

தேர்வில் ஐந்து தாள்கள். ஒப்பந்தம், தீங்கியல் ஆகியவை அடங்கிய பொதுத் தாள் ஒன்று. சிவில் வழக்கு நடைமுறை, குற்ற வழக்கு நடைமுறை, சாட்சியச் சட்டம், வழக்கறிஞர் தொழில்முறை ஆகியவை மற்ற நான்கு. ஐந்திலும் தேற வேண்டும். ஒன்றில் மட்டும் சிறிது குறைந்தவர்களுக்கு அந்த ஒன்றை மறுபடி எழுதும் வாய்ப்பு உண்டு. இரண்டில் தவறினால் ஐந்தையும் முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதும் இல்லை. இதனால்தான் இந்தத் தேர்வு பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பெண் ஒருத்தி. தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர்; தாயார் உரம் போடும் வேலை. பட்டம் வாங்கியபின் இந்தத் தேர்வை எழுதினாள். சாட்சியச் சட்டத்திலும் சிவில் நடைமுறையிலும் தவறிவிட்டாள். கெட்டிக்காரி. பள்ளியில் படித்த காலத்தில் எந்தத் தேர்வையும் கோட்டை விட்டதில்லை. செய்தி வந்த பிறகு தகப்பனார் இரண்டு வாரம் கோயில் கூட்டத்துக்கு வரவில்லை. ஊரெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார், பாவம். (தேர்வு நாளைப் பத்துப் பேரிடம் சொல்லாதீர்கள் என்பது நம் அனுபவம். பத்துப் பேரும் முடிவு என்னவென்று கேட்பார்கள்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனோம். குறிப்புகளைக் காட்டச் சொன்னோம். தடித்த கோப்புகள் நான்கு. மஞ்சள், பச்சை, சிவப்பு என்று கோடு போட்டு, முத்து முத்தான கையெழுத்து. நம் பள்ளியில் கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியவள் அல்லவா!

"எத்தனை கேள்விக்கு முழு விடை எழுதிப் பார்த்தேம்மா?" என்று கேட்டோம்.

"எழுதலே சார். படிச்சேன். அஞ்சு தடவை படிச்சேன்."

அந்த விடையைக் கேட்டதும் நமக்குச் சுருக்கென்றது. அவளை அப்படிப் பழக்கியவர்கள் யார்? கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுது, மனப்பாடம் செய், ஒப்பி என்று ஆறாண்டுகள் பழக்கியவர்கள் நாம்தாமே! ஆரம்பப் பள்ளிக்கு அது ஓரளவு போதும். வழக்கறிஞர் தேர்வுக்குப் போதாது. படித்ததையே திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெறுந்தாளை எடுத்தால்தான் தெரியாதது எது என்பது வெளியே வரும்.

இந்தத் தேர்வில் கேள்வி எப்படி வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லுகிறோம். போலீஸ் காவலில் இருக்கும் ஒருவன், "நான்தான் மோட்டார் சைக்கிளைத் திருடினேன், பழைய ஸ்டோருக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன்" என்கிறான். போலீஸார் போய்ப் பார்க்கிறார்கள்; வண்டி கிடைக்கிறது. அவன் சொன்ன சொல்லைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்கலாமா? இதுதான் கேள்வி. நமது 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், இந்தியாவின் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுதப்பட்டது. அதன் 27-ஆவது பிரிவின்படி, காவலில் உள்ளவன் கொடுத்த தகவலால் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் சாட்சியமாக வைக்கலாம். எனவே "ஸ்டோருக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன்" என்ற பகுதியை அந்தப் பிரிவு உள்ளே விடும். "நான்தான் திருடினேன்" என்ற பகுதிக்கு அந்தப் பிரிவின் துணை கிடையாது.

அந்தப் பெண்ணுக்கு 27-ஆவது பிரிவு வரிக்கு வரி தெரியும். ஆனால் கதையைப் படித்து, இதில் எழும் பிரச்சினை எது, எந்தப் பிரிவு பொருந்தும், எந்தத் தீர்ப்பு துணை நிற்கும், இந்த ஆளின் விஷயத்தில் முடிவு என்ன என்று நான்கு படியாக அரை மணி நேரத்துக்குள் எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை. தெரிந்ததையெல்லாம் முதல் கேள்விக்குக் கொட்டிவிட்டுக் கடைசிக் கேள்விக்குப் பத்து வரி எழுதியிருக்கிறாள். மூன்று மணி நேரத்தில் ஐந்து கேள்வி என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 36 நிமிடம். மணி பார்க்காமல் பழகியவர்களுக்கு 36 நிமிடம் எவ்வளவு குறுகியது என்பது தேர்வு மண்டபத்தில்தான் தெரிகிறது. அங்கே தெரிந்து என்ன பயன்?

பழைய கேள்வித்தாள்களைத் தேடி எடுத்துக்கொள்ளச் சொன்னோம். அதுவரை பேசாமல் வாசற்படியில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்த தகப்பனார் அப்போது ஒரு வார்த்தை சொன்னார். "சார், குலை வெட்டுறதுல சுத்துன்னு ஒண்ணு இருக்கு. ஒரு காட்டை இன்னிக்கு வெட்டினா பத்து நாள்ல திரும்ப வரணும். வரலேன்னா பழம் பழுத்துக் கீழே உதிர்ந்து போயிடும். இவ ஒரு பாடத்தை முடிச்சிட்டு மூணு மாசம் அந்தப் பக்கம் போகவே மாட்டேங்கிறா."

பயிற்சிக் கல்லூரியில் நினைவாற்றலைப் பற்றி நாம் ஒரு பருவம் முழுதும் படித்தோம். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. மறக்கத் தொடங்கும் நேரம் பார்த்துத் திரும்பிப் போனால்தான் படித்தது நிலைக்கும் என்பதைத்தான் அவர் சொன்னார்.

அன்றே ஒரு கணக்குப் போட்டோம். தேர்வுக்கு 36 வாரம் இருந்தது. ஐந்து பாடத்தையும் பத்துப் பத்துப் பகுதியாகப் பிரித்தால் 50 பகுதி. வாரம் ஐந்து பகுதி வீதம் முதல் சுற்றுக்கு 10 வாரம். ஒவ்வொரு நாளும் புதிய பகுதி ஒன்றைப் படிப்பது. பத்து நாளைக்கு முன் படித்த பகுதியைப் புத்தகம் பார்க்காமல் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது. இரண்டாம் சுற்று 7 வாரம், மூன்றாவது 5 வாரம். கடைசி 8 வாரம் பழைய கேள்விகளை மணி வைத்து எழுதுவதற்கு மட்டும். மொத்தம் 30. மீதி 6 வாரத்தைக் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் என்று ஒதுக்கிவிட்டோம். அந்த ஆறு வாரத்தை ஒதுக்காமல் திட்டம் போடுகிறவர்களின் திட்டம் இரண்டாவது மாதத்திலேயே கிழிந்துபோகும். பிறகு அதைப் பார்க்கவே மனம் வராது.

சிவில் நடைமுறைக்கு மட்டும் வேறு வழி தேவைப்பட்டது. அது சங்கிலி போன்ற பாடம். ரிட் எடுத்தால் அதற்கு ஆறு மாத ஆயுள். எதிரியிடம் சேர்ப்பித்தபின் 14 நாளுக்குள் அவர் ஆஜர் பத்திரம் கொடுக்க வேண்டும்; கொடுக்காவிட்டால் அதற்கொரு விளைவு; கொடுத்தால் எதிர்வாதம் தாக்கல் செய்ய ஒரு கெடு. இப்படிப் போகிறது 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள். பிரட்டுக்கு நின்று, காட்டுக்குப் போய், பால் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துவதுபோல் ஒன்றன்பின் ஒன்று. இதைப் பத்தி பத்தியாகப் படித்தால் மண்டையில் ஏறாது. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் ஒரு வழக்கின் முழுப் பாதையையும் படமாக வரைந்து சமையலறைக் கதவில் ஒட்டினாள். பள்ளிக்குப் போகும் தம்பிகூட, "அக்கா, 14 நாள் ஆச்சு, ஆள் வரல, இப்ப என்ன?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

படிக்கும் நேரம் பெரிய சிக்கலாக இருந்தது. பகலில் பட்டணத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மாலையில் வந்தால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி நம் வீட்டில் ஓடுவதுபோல் கேட்கும். லயத்துச் சுவர் அப்படி. இரவு காப்பி குடித்துக் கண் விழித்துப் படித்துப் பார்த்தாள். மறுநாள் அலுவலகத்தில் தூக்கம். கடைசியில் வழி வீட்டிலேயே இருந்தது. வேலைக்குப் போகிறவர்களின் வீட்டில் நாலு மணிக்கே விளக்கு எரிகிறதே! தாயார் எழுந்து அடுப்புப் பற்றவைக்கும்போது மகளும் எழுந்து அதே விளக்கில் நாலிலிருந்து ஆறு வரை உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் யாரும் கூப்பிடுவதில்லை, கைத்தொலைபேசியும் பேசுவதில்லை. இரவு ஒன்பது மணிக்குப் படுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதிகாலையில் எழும் பழக்கம் நம் மக்களிடம் இருக்கும் ஒரு செல்வம் என்றே நாம் கருதுகிறோம். அதை நாம் படிப்புக்குப் பயன்படுத்துவதில்லை.

உறவினர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பொம்பளைப் பிள்ளைக்கு வயசாகுது, இன்னும் என்ன பரீட்சை?" என்று வந்தவர்கள் உண்டு. தாயார் உரம் தூக்கிக் காய்த்த கையைக் கும்பிட்டபடியே, "பரீட்சை முடியட்டும் அண்ணி, அப்புறம் பேசலாம்" என்று ஒவ்வொரு முறையும் அதே வார்த்தையைச் சொல்லி அனுப்பினார். மகளிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்த 36 வாரத்தில் அவர் செய்த உதவிகளில் பெரியது இதுதான்.

இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டம் கைமாறியபோது, தொழிலாளர்களிடம் ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். நம்மிடம் கொண்டுவந்தார்கள். நமக்குப் படிக்கத் தெரிந்தது. அதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. வேலை நிறுத்தப்படும் தொழிலாளி 5 ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்திருந்தால், ஆண்டுக்கு 20 நாள் சம்பளத்துக்குக் குறையாத ஈட்டுத்தொகை பெறலாம் என்று 1980-ஆம் ஆண்டின் விதிமுறை சொல்லுகிறது என்பதை நாம் பிறகுதான் அறிந்தோம். அதற்குள் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அன்று நம் பின்னால் நின்று அந்தத் தாளை எட்டிப் பார்த்தவர்களில் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணும் ஒருத்தி.

பெற்றோருக்கு இன்னும் ஒன்று. வழக்கறிஞராகப் பதிவு பெற மலாய் மொழித் தகுதியும் சட்டப்படி வேண்டும். பட்டம் வாங்கியபின் அதற்காக ஓடுவதைவிட, ஐந்தாம் படிவத்திலேயே மலாய்ப் பாடத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். கல்லூரியில் சேர்க்குமுன், "இந்தப் பட்டத்துக்குப் பின் சி.எல்.பி. எழுத வேண்டுமா?" என்று நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் சேர்த்துவிட்டு, மூன்றாண்டு கழித்து அதிர்ச்சியடைந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். தேர்வில் தேறிய பிறகும் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதப் பயிற்சி உண்டு. அந்த ஒன்பது மாதத்தில் கிடைப்பது பெரும்பாலும் கைச்செலவுக்குத்தான் காணும். அதற்கும் இப்போதே கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

அந்தப் பெண் இரண்டாம் முறை ஐந்து தாளிலும் தேறினாள். இப்போது பயிற்சியில் இருக்கிறாள். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவளை, கோயில் கொட்டகையில் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு தாள்களை நீட்டினார்கள். "நான் இன்னும் வக்கீல் ஆகலே மாமா, கேஸ் எடுக்க முடியாது. ஆனா என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நாமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.