படிக்கிற பிள்ளைக்கு 22 நாள் கணக்கு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வட்டி என்று மாதாமாதம் கணக்கு பார்க்கிறோம். ஒரு ரூபாய் குறைந்தாலும் விடமாட்டோம். இன்றைக்கு வேறு ஒரு கணக்கு பார்ப்போம். அது காலேஜுக்குப் போகிற நம்ம பிள்ளைகளின் நாள் கணக்கு.

குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964-லேயே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தும் நம்மில் எத்தனை பேர் அந்த வாசலை மிதித்தோம்? நமக்குக் கிடைத்தது பீடித் தட்டுதான். இப்போது நம்ம மகள்கள் காலேஜுக்குப் போகிறார்கள். 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. பணத்துக்கு ஒரு வழி பிறந்தது. ஆனால் நேரத்துக்கு?

நம்ம குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு பிள்ளை நன்றாகப் படிப்பவள். ஜூனில் சாரல் விழுந்து சீசன் தொடங்கியது. "ரெண்டு மாசந்தானே, கடன் அடையட்டும்" என்று அம்மா அவளை அருவிக்கரைப் பழக்கடையில் நிற்க வைத்தாள். ஐப்பசியில் காய்ச்சல் வந்து படுத்தாள். வருகைப் பதிவு போதவில்லை, பரீட்சை எழுத முடியவில்லை. அவமானத்தில் காலேஜுக்கே போகாமல் நின்றுவிட்டாள். அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை. நம்மில் யாருக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருக்கவில்லை.

கணக்கு இதுதான். ஒரு செமஸ்டருக்குச் சுமார் 90 வேலை நாள். பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேண்டும். அதாவது 68 நாள் போகணும். மிச்சம் 22 நாள்தான். காய்ச்சல், கோயில் கொடை, கல்யாணம் எல்லாம் அந்த 22-க்குள் அடங்கணும். நம்ம ஊர் சீசனும் காலேஜின் முதல் செமஸ்டரும் ஒரே சமயத்தில் வருகிறது. சீசனிலேயே 22-ஐயும் செலவழித்தால் பிறகு கையில் ஒன்றும் இல்லை. கடை வேலை அவசியம் என்றால் சனி, ஞாயிறு மட்டும் போகட்டும்.

அடுத்தது வீட்டு வேலை. காலேஜ் விட்டு வந்ததும் இலை வெட்டு, முனை மடக்கு, தண்ணி எடு என்கிறோம். ராத்திரி பத்து மணிக்குப் புத்தகத்தை எடுத்தால் தூக்கம்தான் வரும். பிள்ளை உதவட்டும், ஆனால் ஒரு மணி நேரம் என்று சொல்லிவிடுவோம். பிறகு இரண்டு மணி நேரம் அவள் படிப்புக்கு. அந்த நேரத்தில் டிவியை நிறுத்துவோம். பாத்திரம் கழுவ அண்ணன் தம்பிக்கும் கை இருக்கிறது.

"விளையாட்டு, என்.எஸ்.எஸ். எல்லாம் வெட்டி வேலை" என்று சில அக்காமார் சொல்கிறார்கள். அப்படி இல்லை. குழுவுக்கு வந்த பிறகுதானே நாமும் பேங்க் மேனேஜர் முன்னால் நின்று பேசப் பழகினோம்? பிள்ளைக்கும் அந்தத் தைரியம் வேண்டும். என்.எஸ்.எஸ்.ஸில் ஏழு நாள் முகாம் இருக்கும், பயப்படாமல் அனுப்புங்கள். ஆனால் எல்லாவற்றிலும் பெயர் கொடுக்க வேண்டாம். பிடித்த ஒன்றில் சேர்ந்து அதை ஒழுங்காகச் செய்தால் போதும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பாடம் புரியவில்லை என்றால் பரீட்சை வரை ஒளித்து வைக்காதே. அன்றைக்கே டீச்சரிடம் கேள். கஷ்டத்தை அம்மாவிடம் சொல்.

சகோதரிகளே, இந்த மாதத் தீர்மான நோட்டில் மூன்று வரி எழுதுவோம்.

1. காலேஜ் போகும் பிள்ளை எத்தனை நாள் லீவு போட்டாள் என்று மாதக் கடைசியில் அம்மா கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

2. பரீட்சை மாதத்தில் பிள்ளை மடியில் பீடித் தட்டு வைக்கக் கூடாது.

3. படிப்பை நிறுத்தும் நிலை வந்தால் முதலில் குழுவில் சொல்ல வேண்டும். பரீட்சைக் கட்டணத்துக்கு உள்கடன் தருவதில் அந்தப் பிள்ளைக்கே முதலிடம்.

பழக்கடையில் நின்ற அந்தப் பிள்ளையை மறுபடி காலேஜில் சேர்க்க என்ன செய்யலாம் என்பதை அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக வைத்திருக்கிறோம். எல்லோரும் வந்துவிடுங்கள்.