வாகரையைப் பற்றி எழுதியவருக்கு 20 வருடம்

(மட்டக்களப்பில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மலையிலிருந்து இந்த வாவிக்கரைக்கு எங்களைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னதற்கு நன்றி. இங்கே இருக்கும் சில பெரியவர்களின் பேச்சில் இன்னும் தோட்டத்து வாடை இருக்கிறது. 1977இலும் 1983இலும் அடித்து விரட்டப்பட்டு வந்த எங்கள் சொந்தங்கள். ஆகவே நாங்கள் வெளியாராக நின்று பேசவில்லை.

2006 கடைசியில் வாகரையில் சனங்கள் பட்டது உங்களுக்குத் தெரியும். நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமிருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்ததையும் நாங்கள் சொல்லத் தேவையில்லை. வாகரைக்கு உணவும் மருந்தும் விடாமல் சனங்களைக் கிளப்பப் பார்க்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியவர் ஜே. எஸ். திசைநாயகம்.

2008 மார்ச் 7ஆம் திகதி அவரைப் பிடித்தார்கள். ஐந்து மாதம் கழித்துத்தான் குற்றப்பத்திரம். 2009 ஓகஸ்ட் 31இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 20 வருடக் கடூழியச் சிறை விதித்தது. எழுதியது மட்டுமல்ல, சஞ்சிகைக்குப் பணம் சேர்த்ததும் குற்றமாம். சந்தா சேர்க்கிற எங்களுக்கு அதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். அவர் பொலிசில் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் முக்கிய சாட்சியானது. பலவந்தமாக எடுத்தது என்று அவர் சொன்னது எடுபடவில்லை. சாதாரண வழக்கில் அப்படியான வாக்குமூலம் செல்லாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் செல்லும்.

2009 மே மாதம், பத்திரிகைச் சுதந்திர தினத்தையொட்டி, அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா அவர் பெயரைச் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. 2010 ஜனவரியில் பிணை. ஒபாமா பேர் சொல்லி ஒரு வருடம் கழித்து, 2010 மே 3இல், பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். வெளிநாட்டு அழுத்தம் வேலை செய்யாது என்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆனால் வெளியே வந்தது ஒரு மனிதர். சட்டம் உள்ளேயே இருந்தது. அதே சட்டத்தில் லயத்திலிருந்து பிடித்துப்போன எங்கள் பிள்ளைகளின் பெயரை வாஷிங்டனில் யாருக்குத் தெரியும்? தாய் ஒரு நாள் பேரை விட்டு, இரண்டு பஸ் மாறி பூசாவுக்குப் போய், பார்க்க விடாமல் திரும்பி வந்தாள். அதுதான் எங்கள் ராஜதந்திரம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2010 ஓகஸ்டில் ஜி.எஸ்.பி. பிளஸ் நிறுத்தப்பட்டது, 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. அடி விழுந்தது கார்மெண்ட் தொழிலில். அங்கே தைப்பது யார்? தோட்டத்திலிருந்தும் இந்தக் கரையிலிருந்தும் போன எங்கள் பெண் பிள்ளைகள். அதனால் வாயை மூடு என்கிறார்கள் சிலர். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சலுகையை இழக்கவைத்தது சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். ஆனாலும் ஐரோப்பியர் தொழிற்சங்கங்களோடு பேசிவிட்டுத்தான் அப்படியான முடிவை எடுக்கவேண்டும்.

2021 மே மாதம் கிரான் கடற்கரையில் விளக்கேற்றப் போன பத்துப் பேரை இதே சட்டத்தில் பிடித்தார்கள். ஜூனில் ஐரோப்பிய பாராளுமன்றம் சட்டத்தை நீக்கக் கோரித் தீர்மானம் எடுத்தது. டிசம்பரில் அவர்களுக்குப் பிணை கிடைத்தது. 2022இல் தடுப்புக்காவலின் உச்ச எல்லை 18 மாதத்திலிருந்து 12 ஆனது. வாக்குமூலப் பிரிவில் கை வைக்கவில்லை.

அதனால் கிளைத் தலைவர்மாரிடம், மாதர் சங்கத் தலைவிமாரிடம் கேட்கிறோம். யாரையாவது பிடித்தால் அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, நேரம், எந்தப் பொலிஸ், கையில் தந்த கடதாசி. ஒரு பிரதி மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கு, ஒன்று எங்களுக்கு. தூதரகக்காரர் வந்து கேட்கும்போது கொடுக்க எங்களிடம் பெயர் இருக்கவேண்டும்.