பெரிய விமானம், சின்ன விமானம்: கூலியை அளப்பது யார்?

(தொம்மலூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விமான ஓட்டிகளின் சம்பளத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் சிலர் சிரித்தார்கள். "மாதம் லட்சக்கணக்கில் வாங்குகிறவர்கள் கதை, தினக்கூலிக்குப் போகிற நமக்கு எதற்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

தொம்மலூர்க்காரர்களுக்கு விமானம் புதிதல்ல. 2008 மே மாதம் பயணி விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போகும்வரை, அவை நம் பக்கத்து எச்.ஏ.எல். விமான நிலையத்தில்தான் வந்து இறங்கின. அந்தச் சத்தத்தில் பிள்ளைகளைத் தூங்கவைத்தவர்கள் நாம். ஆனால் அந்தப் பழக்கத்துக்காக இதை எடுக்கவில்லை. ஒரே தொழில் செய்கிற இரண்டு பேரில், பெரிய யந்திரத்தை ஓட்டுகிறவருக்கு ஒரு சம்பளம், சின்ன யந்திரத்தை ஓட்டுகிறவருக்கு ஒரு சம்பளம். இந்த வித்தியாசத்தை நிர்ணயிப்பது யார்? அதனால் ஆதாயம் அடைவது யார்? இதுதான் கேள்வி. இதே கேள்வி, வீட்டு வேலைக்குப் போகிற நம் தாய்மார்கள் நடுவிலும் இன்று எழுந்திருக்கிறது. அதற்குக் கடைசியில் வருவோம்.

ஒரே கம்பெனி, இரண்டு சங்கம்

நம் நாட்டில் 1953-இல் விமானத் தொழில் தேசியமயமானபோது இரண்டு கார்ப்பரேஷன்களை அமைத்தார்கள். வெளிநாடு போக ஏர் இந்தியா. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ். தூர தேசம் போகிற பெரிய விமானங்கள் அங்கே, ஊருக்கு ஊர் போகிற சின்ன விமானங்கள் பெரும்பாலும் இங்கே. விமானிகளுக்கும் இரண்டு சங்கம். ஏர் இந்தியாவில் இந்தியன் பைலட்ஸ் கில்டு. இந்தியன் ஏர்லைன்ஸில் இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன். சம்பள முறை வேறு, பதவி உயர்வு முறை வேறு.

2007-இல் இரண்டு கம்பெனிகளையும் அரசாங்கம் ஒன்றாக இணைத்தது. பெயர் ஒன்றாயிற்று, சம்பளம் ஒன்றாகவில்லை. இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள், "ஒரே கம்பெனி என்கிறீர்களே, ஒரே சம்பளம் எங்கே?" என்று கேட்டார்கள். நான்கு ஆண்டு பொறுத்தார்கள். 2011 ஏப்ரல் கடைசியில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்தின் அங்கீகாரம் ரத்தாயிற்று, நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. பத்து நாள் கழித்து, மே 6-ஆம் தேதி, பேச்சுவார்த்தைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினார்கள். ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தர்மாதிகாரி தலைமையிலான கமிட்டி இந்தப் பிரச்சனையை ஆராய்ந்தது.

மறு ஆண்டு காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. இணைப்புக்கு முன்பே ஏர் இந்தியா, போயிங் 787 என்ற புதிய பெரிய விமானங்கள் இருபத்தேழு வாங்க ஆர்டர் கொடுத்திருந்தது. அவற்றை ஓட்டும் பயிற்சியை இரு தரப்பு விமானிகளுக்கும் பங்கிட்டுத் தருவதென்று நிர்வாகம் முடிவு செய்தது. "அது எங்கள் விமானம். அதில் அவர்கள் ஏறினால் எங்கள் பதவி உயர்வு என்ன ஆவது?" என்று ஏர் இந்தியா விமானிகள் கொதித்தார்கள். 2012 மே முதல் வாரத்தில் தொடங்கி ஜூலை 3-ஆம் தேதிவரை, 58 நாள் வேலைநிறுத்தம். நூறு பேருக்கு மேல் வேலைநீக்கம். கில்டின் அங்கீகாரமும் போயிற்று. வேலைநீக்கப்பட்டவர்களை மீண்டும் எடுப்பதை அனுதாபத்துடன் பரிசீலிப்பதாக நிர்வாகம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்ன பிறகே வேலைநிறுத்தம் முடிந்தது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். ஒரே முதலாளியின் கீழ், பதினைந்து மாதத்துக்குள் இரண்டு பெரிய வேலைநிறுத்தம். இரண்டு தரப்பும் சேர்ந்து நடத்தியது ஒன்றுகூட இல்லை. 2012-இல் பெரிய விமானங்கள் தரையில் நின்றபோது சின்ன விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இரு தரப்பிலும் நியாயம் உண்டு

பெரிய விமானத்துக்குக் கூடுதல் சம்பளம் கேட்கிறவர்கள் சொல்வது என்ன? சின்ன ஏர்பஸ் 320 புறப்படும்போது எடை எழுபது, எண்பது டன். போயிங் 787-இன் எடை இருநூறு டன்னுக்கு மேல். அதிக உயிர்களுக்குப் பொறுப்பு. இரவெல்லாம் கண்விழித்துக் கடல் தாண்டிப் போக வேண்டும். கம்பெனிக்கு வருமானமும் கூடுதல். ஆகவே கூலியும் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

சின்ன விமானத்துக்காரர்கள் சொல்வது என்ன? ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விமானிக்குக் கைநிறைய வேலை, ஆபத்தும் அங்கேதான் அதிகம். பெரிய விமானம் ஒரே மூச்சில் லண்டன் போய்ச் சேரும். சின்ன விமானம் ஒரே நாளில் நான்கு ஊரில் ஏறி நான்கு ஊரில் இறங்கும். லைசென்ஸ் ஒன்று, மருத்துவச் சோதனை ஒன்று, தவறினால் போகிற உயிரும் ஒன்று என்கிறார்கள்.

இரண்டையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டும் லேசாக இல்லை. அதனால்தான் உலகத்தில் இரண்டு முறையும் நடக்கின்றன. அமெரிக்காவில் பெரும்பாலான கம்பெனிகளில் விமானத்தின் ரகத்துக்குத் தகுந்த சம்பளம். அங்கேயே யு.பி.எஸ். என்ற சரக்கு விமானக் கம்பெனியில், எந்த விமானத்தை ஓட்டினாலும் கேப்டனுக்கு ஒரே விகிதம். சர்வீஸ் ஆண்டுகளுக்குத் தகுந்துதான் உயரும். சம்பளத்துக்காக விமானம் மாறவேண்டிய அவசியம் அங்கே விமானிக்கு இல்லை.

ரயிலில் பிறந்த கணக்கு

யந்திரத்தின் அளவுக்குத் தகுந்த கூலி என்ற கணக்கை முதலாளிகள் கண்டுபிடிக்கவில்லை. தொழிலாளிகள் போராடிப் பெற்றது அது. ரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைக்கிற நாங்கள் இதைச் சொல்வதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஏனென்றால் அது பிறந்த இடம் ரயில்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் எஞ்சின்கள் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போயின. ஒரே டிரைவர், ஒரே ஃபயர்மேன், இழுக்கிற சரக்கோ இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. "கூடுதல் லாபம் முழுவதும் உங்களுக்கா? எங்களுக்குப் பங்கு இல்லையா?" என்று எஞ்சின் தொழிலாளர் சங்கங்கள் கேட்டன. எஞ்சினை நகர்த்துகிற சக்கரங்கள்மேல் எத்தனை எடை இருக்கிறதோ, அதற்குத் தகுந்து கூலி ஏறும்படி பேசி வாங்கினார்கள். 1931-இல் அமெரிக்க விமானிகள் சங்கம் அமைத்தபோது இந்த ரயில் சங்கங்களைப் பார்த்துத்தான் பாடம் படித்தார்கள். விமானத்தின் வேகம் கூடக்கூட விமானியின் கூலியும் கூடவேண்டும் என்றார்கள். 1934-இல் அரசாங்கத்தின் தொழிலாளர் வாரியம் அதை ஏற்றது. மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்ற வரம்பும் அப்போதுதான் வந்தது. எடைக் கணக்கு பிறகு சேர்ந்தது.

ஆக, நோக்கம் நல்ல நோக்கம். யந்திரம் வளர்ந்தால் தொழிலாளியும் வளரவேண்டும். கோணல் எங்கே புகுந்தது? கீழே இருப்பவருக்கு ஒரு தளம் போடாமல் மேலே மட்டும் மாடி கட்டினார்கள். பெரிய விமானத்தின் கூலிக்காகச் சண்டை போட்ட சங்கங்கள் சின்ன விமானத்தைக் கவனிக்கவில்லை. கம்பெனிகள் சின்ன விமானங்களைத் தனியாகப் பிரித்து, குறைந்த கூலிக் கம்பெனிகளிடம் காண்ட்ராக்டு விட்டன. டிக்கெட்டில் பெரிய கம்பெனியின் பெயர், காக்பிட்டில் சின்ன கம்பெனியின் சம்பளம்.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே அப்படிப்பட்ட ஒரு காண்ட்ராக்டு விமானம் விழுந்தது. தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து ஐம்பது பேர் மாண்டார்கள். கேப்டன் விமானத்தைத் தவறாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. சம்பளம் குறைவு என்பதால்தான் விழுந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த விசாரணையில் ஒரு செய்தி வெளிவந்தது. துணை விமானி, தாய்தந்தையர் வீடு இருந்த மேற்குக் கரையிலிருந்து இரவெல்லாம் வேறு விமானங்களில் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். அவர் சம்பளத்தில் வேலை செய்யும் ஊரில் வீடு எடுத்து வாழ முடியுமா என்ற கேள்வி அந்த நாட்டையே உலுக்கியது. கிருஷ்ணகிரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலை நேராக வேலைக்குப் போகிற நம்மவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

ரயிலும் பெங்களூரும் சொல்லும் பாடம்

நம் ரயில்வேயிலும் கூட்ஸ் டிரைவர், பாசஞ்சர் டிரைவர், மெயில் டிரைவர் என்று படிகள் உண்டு. ஒரு காலத்தில் மூவருக்கும் மூன்று விகிதம். ஆறாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு மூவரும் ஒரே அடிப்படைப் படியில் வந்துவிட்டார்கள். பாசஞ்சர், மெயில் ஓட்டுகிறவர்களுக்குக் கூடுதல் தொகை தனியாக உண்டு. ஓடுகிற கிலோமீட்டருக்குத் தனிப் படியும் உண்டு. அடித்தளம் ஒன்று, பொறுப்புக்கும் உழைப்புக்கும் மேலே தனித் தொகை. இந்த அமைப்பைக் கவனத்தில் வையுங்கள்.

1974-இல் ரயில்வேயில் எத்தனையோ சங்கங்கள் இருந்தன. டிரைவருக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று, ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒன்று. அவர்கள் அத்தனை பேரும் ஒரே போராட்டக் குழுவில் சேர்ந்து, மே 8 முதல் 27 வரை இருபது நாள் நின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள், குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்கள் விரட்டப்பட்டன. அன்று கைவெறுமையாகத் திரும்பினார்கள். ஆனால் அன்று கேட்ட போனஸ் 1979-இல் வந்தது. வந்தபோது டிரைவர், கார்டு, கலாசி என்று பிரித்துப் பார்க்காமல் வந்தது.

நம் பெங்களூரிலும் 1980 டிசம்பர் கடைசியில் தொடங்கி 77 நாள், எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.எம்.டி. முதலிய பொதுத்துறை ஆலைகளின் லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் நின்றார்கள். "பெல் கம்பெனிக்காரருக்குக் கொடுத்ததை எங்களுக்கும் கொடு" என்பதே கோரிக்கை. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் பெல் தொழிலாளியின் சம்பளத்தைக் குறை என்று அவர்கள் ஒருநாளும் கேட்கவில்லை. அந்த நாகரிகத்தை நாம் மறக்கக் கூடாது.

விமானிகளும் பிறகு இதைக் கற்றார்கள். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவின் கைக்குப் போனது. 2023 ஏப்ரலில் புதிய சம்பள ஒப்பந்தம் வந்தது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் உறுதியாகக் கிடைத்துவந்த 70 மணி நேரக் கூலி, 40 மணி நேரமாகக் குறைந்தது. பத்து ஆண்டுக்கு முன் எதிரெதிரே நின்ற அதே இரண்டு சங்கங்களும் அன்று கைகோத்தன. 1500 பேருக்கு மேல் கையெழுத்திட்டு ரத்தன் டாடாவுக்கு மனு அனுப்பினார்கள். நிர்வாகம் அசையவில்லை. இவர்களைச் சங்கமாகவே ஏற்க முடியாது என்றது. பதினைந்து ஆண்டு தனித்தனியே நின்று, இரண்டு அங்கீகாரத்தையும் பறிகொடுத்த பிறகு சேர்ந்த கை அது. முன்பே சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் வீட்டு வாசலில்

தாய்மார்களே, இனி உங்கள் விஷயம்.

இந்தப் பக்கத்தில் உங்களில் சிலர் பெரிய அடுக்குமாடிகளில் வேலை செய்கிறீர்கள். சிலர் பழைய தெருக்களில் சின்ன வீடுகளில் வேலை செய்கிறீர்கள். மூன்று படுக்கையறை வீட்டுக்கு ஒரு ரேட், ஓரறை வீட்டுக்கு ஒரு ரேட். போன மாதம் ஓர் அடுக்குமாடியில் (பெயர் வேண்டாம்) ரேட்டை உயர்த்திக் கேட்ட நான்கு பெண்களைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மறுநாளே பாதிக் கூலிக்குச் சின்ன வீடுகளிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள். "பெரிய வீட்டில் இருந்தபோது எங்களைத் திரும்பிப் பார்த்தீர்களா?" என்று போனவர்கள் கேட்கிறார்கள். "எங்கள் வயிற்றில் அடித்தீர்களே" என்று நின்றவர்கள் கேட்கிறார்கள். இருவரும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். விமானிகளின் கதையும் இதுதான். அவர்கள் கோட்டுப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று கர்நாடக அரசு 2004-லேயே அறிவித்தது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதை வாசலுக்குக் கொண்டுவருவது நம் வேலை. ஆகவே சங்கக் கமிட்டியின் சார்பில் நான்கு யோசனைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: வீடு பெரிதோ சிறிதோ, ஒரு மணி நேர உழைப்புக்கு ஒரே அடிப்படைக் கூலி. அதற்குக் கீழே யாரும் போவதில்லை.

இரண்டு: கூடுதல் அறை, கூடுதல் ஆள், லிஃப்ட் இல்லாத மாடி, இவற்றுக்குத் தனித் தொகை. பெரிய வீட்டில் உழைக்கிறவரின் பாடும் பாடுதான். அதை யாரும் குறைக்க வேண்டாம்.

மூன்று: கூலி கேட்டதற்காக ஒருத்தியை நிறுத்திய வீட்டில், பேசி முடிக்கும்வரை இன்னொருத்தி ஏறுவதில்லை.

நான்கு: பேச்சுவார்த்தைக்குப் போகிற குழுவில் பெரிய வீட்டுக்காரர்கள் பாதி, சின்ன வீட்டுக்காரர்கள் பாதி.

மூன்றாவது யோசனை கடினமானது என்பது நமக்குத் தெரியும். வீட்டில் அடுப்பு எரியாதபோது வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லச் சொல்வது சுலபமல்ல. அதனால் அப்படி மறுக்கிற குடும்பத்துக்கு ஒரு மாத அரிசியைச் சங்க நிதியிலிருந்து தருவதா, அதற்குச் சந்தா எவ்வளவு உயர வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்ய வேண்டும். அடுத்த கூட்டத்தில் ஓட்டுக்கு விடுகிறோம். அதற்குள் பெரிய வீட்டுக்குப் போகிறவர்கள் சின்ன வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். கேட்டில் நிறுத்தப்பட்ட நான்கு பெண்களையும் அழைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் இடத்தில் ஏறியவர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஒருவரும் விடுபடக் கூடாது.