இரண்டு சர்க்கார்களுக்கு ஒரே பாட்டனார்

கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு வீட்டுக்கும் போகாமல் நேரே இந்தக் கோத்தகிரி மைதானத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே,

உங்களைக் குறிப்பதற்கு நம்முடைய சர்க்கார் கோப்புகளில் 'தாயகம் திரும்பியோர்' என்றொரு தொடர் வழங்கி வருகிறது. செவிக்கு இனிய தொடர்தான். ஆயினும் திரும்புவதற்கு முன்னால் ஒருவர் அங்கிருந்து புறப்பட்டிருக்க வேண்டும் என்பது இலக்கணம் படியாதவனுக்கும் தெரியும். இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயம் ஒன்றில் பிறந்து, பிள்ளைக்காம்பராவில் வளர்ந்து, பால்யம் தீருமுன்பே கூடையைத் தலையில் மாட்டி, தலைமன்னாரில் கப்பலேறும் நாள்வரையில் கடலையே கண்டிராத ஒரு பெண், இராமேசுவரத்தில் கால் வைத்தபோது எங்கே திரும்பினாள் என்பதை அந்தக் கோப்பை எழுதினவர்தாம் சொல்ல வேண்டும். புறப்பட்டவர் அவளுடைய பாட்டனார்; திரும்பும்படி ஆக்ஞை பிறந்ததோ பேத்திக்கு!

அந்தப் பாட்டனாரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளில் பஞ்சமும் பண்ணையடிமையும் சேர்ந்து துரத்த, ஆள்சேர்க்க வந்த கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, மன்னார்க் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் மாண்டவர்கள் போக மிஞ்சினவர்களில் ஒருவராய் மலையேறியவர் அவர். முதலில் கோப்பி, அதைப் பூஞ்சை நோய் தின்ற பிறகு தேயிலை. அவர் பட்ட கடனைத் துண்டு என்னும் சீட்டில் எழுதி, அந்தத் தொகையைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆளைக் கைமாற்றும் வழக்கம் 1921-ல்தான் சட்டப்படி ஒழிந்தது. ஜாதியையும் அவர் மூட்டையோடு கொண்டுபோனார் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. எந்த ஜாதிக்கு எந்த லயம் என்று பிரித்துக் குடிவைத்ததில் துரையும் கங்காணியும் ஏகமனதாக இருந்தார்கள்.

அவருடைய பிள்ளைகளுக்கு 1931-ல் வாக்குரிமை வந்தது. 1947-ல் அவர்கள் இலங்கை இந்தியக் காங்கிரஸின் வேட்பாளர் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குத் தோள்கொடுத்தார்கள். அவர்கள் செய்த குற்றம் இதுவே. மறு வருஷமே, 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அந்த மண்ணில் பிறந்தவனைப் பார்த்தே, 'உன் தகப்பன் இங்கே பிறந்தானா? அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? அத்தாட்சி எங்கே?' என்று கேட்டது. பிறப்புப் பதிவு சீராக நடவாத காலத்தில் லயத்து மண் தரையில் பிறந்தவனுக்கு எந்தக் கச்சேரி அத்தாட்சி எழுதிவைத்திருக்கும்? 1949-ல் அவர்களுடைய வாக்கும் போயிற்று.

அதே 1949-ல், விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்று கருணை காட்ட இன்னொரு சட்டம் வந்தது. அந்தக் கருணையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விண்ணப்பிக்கிறவன் இடைவிடாமல் அங்கே வசித்தால் போதாது; மணமாகி ஓராண்டுக்குப் பின் அவன் மனைவியும் இடைவிடாமல் அங்கேயே வசித்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி. அதாவது, தலைப்பிரசவத்துக்குக் கடல் கடந்து தாய் வீடு போய்க் குழந்தை தேறும்வரை நெடுநாள் தங்கிவிட்ட ஒரு பெண்ணின் பயணம், அவள் புருஷன் அந்நியன் என்பதற்குச் சாட்சியமாக வந்து நிற்கக்கூடும். நம் வீடுகளில் மங்கலமென்று வளையல் அடுக்கி அனுப்புகிற காரியம் இது! எட்டு லட்சம் பேருக்குமேல் விண்ணப்பித்தார்கள். 1964 வரையில் பிரஜையானவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்.

அந்த 1964-ல், அக்டோபர் 30 அன்று, இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் டில்லியில் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாமென்று நிறுத்தி வைக்கப்பட்டார்கள். பத்து வருஷம் கழித்து அவர்களையும் பாதிப் பாதியாகப் பங்கிட்டாயிற்று. எழுவர் கப்பலேறினால் நால்வருக்குப் பிரஜாவுரிமை என்பது விகிதம். அந்தக் கணக்கில் மனிதத் தலைகள் இருந்தனவேயொழியக் குடும்பங்கள் இருக்கவில்லை. தாயும் தகப்பனும் இந்தியாவுக்கு, மணமான மகள் ஹட்டனில். அண்ணனுக்கு ஒரு தேசம், தம்பிக்கு ஒரு தேசம். அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலைநாட்டு ஜனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டார்கள். உயிரோடிருப்பவர்க்கு ஒப்பாரி வைத்த ரயில் நிலையங்கள் அவை.

சிங்களத் தலைவர்களைச் சாடிவிட்டு மேடையை விட்டு இறங்கினால் உங்களில் சிலர் கைதட்டக்கூடும். அது எனக்கு வேண்டாம். 'தோட்டக்காட்டான்' என்ற வசைச்சொல் யாழ்ப்பாணத்துத் தமிழர் வாயிலும் சர்வ சாதாரணமாகப் புழங்கிற்று. அங்குள்ள தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தைப் போல இந்த அநீதிக்காகத் தம் கட்சியையே விட்டுப் பிரிந்தவர் சிலரே. நாம் மட்டும் என்ன யோக்கியம்? கூடலூரிலும் இந்தக் கோத்தகிரியிலும் நீங்கள் சர்க்காருடைய டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் மறுபடி அதே கொழுந்தைப் பறிக்கிறீர்கள், மறுபடி அதே லயத்தில் இருக்கிறீர்கள். உள்ளூர்க்காரன் உங்களைச் சிலோன்காரன் என்கிறான். பெண் கேட்டு வருகிறவன் வாசலிலேயே நின்று 'பூர்வீகம் எது?' என்கிறான். அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். இரண்டு இடத்திலும் தமிழர் என்பது மூன்றாவது கேள்விக்குத்தான் விடையாகிறது.

சென்ற மாதம் ஒரு வருவாய்த் துறை அலுவலகத்தில், கல்லூரியில் சேரவிருந்த ஒரு பெண்ணின் ஜாதிச் சான்றிதழுக்காக நானும் கூடப் போயிருந்தேன். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் அல்லர்; நாற்காலி கொடுத்தார், தேநீரும் வரவழைத்தார். பிறகு, 'பாட்டனார் இந்த மாநிலத்தில் எந்தக் கிராமத்தில் பிறந்தார்? அதற்கு ஏதேனும் அத்தாட்சி இருந்தால் கொண்டுவாருங்கள்' என்றார். அதே பாட்டனார், ஐயா! அவர் இலங்கையில் பிறந்தவர் என்று நிரூபிக்க முடியாமையால் அங்கிருந்து துரத்தப்பட்ட குடும்பத்தை, அவர் இங்கே பிறந்தவர் என்று நிரூபிக்கச் சொல்லி வாசலில் நிறுத்துகிறோம். அந்தப் பெண்ணின் தாயார் துணிப்பையை அவிழ்த்து, கண்டியில் இந்திய அதிகாரிகள் முத்திரை குத்திக் கொடுத்த பழைய பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்தார். அதில் அவர் இந்தியப் பிரஜை என்று நம் சர்க்காரே எழுதியிருக்கிறது. அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இதில் ஜாதி இல்லையே, அம்மா' என்றார்.